பதினோராவது கட்டம்

பதினோராவது கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. பெயர் கா. முனிரத்தினம். வயது நாற்பத்தெட்டு. பணியாற்றிய பிரிவு சிக்னல்ஸ், கடைசியாக வகித்த பதவி ஹவில்தார், ஓய்வு பெற்று ஒன்பது வருடம். தற்போதைய தொழில் என்ற இடத்தில் இரவுக் காவல் என்று எழுதி, அடித்து, சிசிடிவி கண்காணிப்பு என்று மாற்றினேன். அடித்தது அசிங்கமாகத் தெரிகிறது, தெரியட்டும். பதினோராவதில் இப்படிக் கேட்கிறார்கள்: தங்கள் பொறுப்பில் இருந்த கடவுச்சொல்லோ ரகசியத் தகவலோ எப்போதேனும் பிறருக்கு வெளியிடப்பட்டதுண்டா? ஆம், இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு சதுரம், மூட்டைப்பூச்சி அளவுக்கு. வெளியிடப்பட்டதுண்டா. உங்கள் ஊரில் மழை பெய்ததுண்டா என்கிற மாதிரி. யாரால் என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை, தூக்கத்திலா முழிப்பிலா என்று கேட்கவில்லை. உள்ளே ஆறாம் நம்பர் டோக்கன் போயிருக்கிறது. என்னுடையது பதினாலு. ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றால் எண்பது நிமிஷம் இருக்கிறது, ஒரே ஒரு டிக் அடிக்க. போன வருடம் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஓர் உதவித்தொகை அறிவித்தார்கள். இந்தச் சமுதாயக் கல்லூரியில் ஒரு வருடப் படிப்பு, கட்டணம் கிடையாது, கம்ப்யூட்டருக்குள் திருடன் எப்படி வருவான், எப்படித் தடுப்பது என்று சொல்லித்தருவார்கள், தேறினவனை அரசாங்கத்தின் சைபர் பாதுகாப்பு அலுவலகத்தில் எடுத்துக்கொள்வார்கள். எல்லையைக் காத்தவன் இதையும் காப்பான் என்று மேலே யாருக்கோ தோன்றியிருக்கிறது. பத்தொன்பது பேர் சேர்ந்தோம், பத்தொன்பது பேரும் தேறிவிட்டோம். அந்த அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்து இன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். நிரப்பின பாரத்தை வாங்கிப் பார்ப்பார்கள், இரண்டு கேள்வி கேட்பார்கள், கை குலுக்குவார்கள். பதினோராவதில் இல்லை என்று இருந்தால்.

விடியற்காலை ஆறு மணிக்கு டியூட்டி முடிந்து நேராக இங்கே வந்துவிட்டேன். ராணிப்பேட்டை தோல் ஃபாக்டரியில் பதினாறு திரை, பதினாறிலும் எதுவும் நடக்காது. நாய் வரும், போகும், தண்ணீர் லாரி வரும். ஒன்பது வருடமாக எதுவும் நடக்காததைப் பார்ப்பதுதான் என் வேலை. கிளம்பும்போது நோட்டுப் புத்தகத்தில் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பட்டாளத்திலும் அதேதான், காவல் மாறும்போது அடுத்தவனிடம் சொல்லுவோம், சப் டீக். இருபது வருடம் சப் டீக், ஒன்பது வருடம் எல்லாம் சரி. இன்று காலையிலும் எழுதினேன். எழுதும்போது இடது கை அதுபாட்டுக்கு மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்த ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக் போடுகிறது, அதுவாவது போடுகிறது. கண்ணுக்குள் மணல். பகலில் தூங்குகிறவனுக்குத் தூக்கம் தூக்கமாக வராது, சல்லடையில் தண்ணீர் மாதிரி வரும். ஜன்னலுக்கு மகளுடைய பழைய ஸ்கூல் யூனிஃபார்ம் துணியைத் தைத்துப் போட்டிருக்கிறாள் என் மனைவி அமுலு, ஊதா நிறம். அந்த ஊதா வெளிச்சத்தில், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்தில், கேஸ்காரன் மணியில், ஒன்பது வருடம் படுத்திருக்கிறேன். அமுலு ஷூ கம்பெனிக்குக் காலை ஏழரைக்குப் போனால் ஆறரைக்கு வருவாள். அவள் வாசலில் செருப்பை விடும்போது நான் என் ஷூவை மாட்டிக்கொண்டிருப்பேன். கல்லூரியில் சேர்ந்த அன்று உதவித்தொகைக் கடிதத்தை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "நீ எங்கூட ராத்திரில தூங்கி ஒம்பது வருசம் ஆவுது. ஊர்ல இருந்துகினே பட்டாளத்துல இருக்கற. இதுவாச்சும் ஆவட்டும்." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் ஒரு வருடமாகக் கேட்கவே இல்லை. நேற்று மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுப் பையில் வைத்திருந்தாள், ஃபாக்டரி பாத்ரூமில் மாற்றிக்கொள்ளச் சொல்லி. காலரில் இன்னும் சூடு இருக்கிற மாதிரி இருக்கிறது. இருக்காது. இல்லை என்று ஒரு டிக். காலையில் வேலைக்குப் போய் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறவன் ஆகிவிடலாம். விளக்கை அணைத்தால் இருட்டாகிற நேரத்தில் படுக்கலாம்.

"ஏழு!" என்றார் வாசலில் நிற்கிற ஆபீஸ் உதவியாளர். எங்களில் எட்டுப் பேர் முதுகை நிமிர்த்தினோம், ஏழு ஒருத்தர்தான். பக்கத்தில் ஜெபசிங் சிரித்தான். பீரங்கிப் படையில் கன்னராக இருந்தவன், மார்த்தாண்டத்துக்காரன், காட்பாடியில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டான். வலது காது பீரங்கியோடு போயிற்று. இடது காது பாதி. அதனால் யார் பேசினாலும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், அவன் மாமியார் சண்டையெல்லாம் எங்கள் வகுப்புக்கே மனப்பாடம். அவன் டோக்கன் பதினைந்து. "என்னவே முனி, பரீட்சை ஹால்ல பிட்டு வச்சிருக்க பயல் மாதிரி முழிக்க?" என்றான். தூங்கவில்லை என்றேன். "ஒறங்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியும்லே. இது பயந்தவன் மூஞ்சி." எதிர் வரிசையில் தெய்வசிகாமணி சாப். சூபேதாராக ஓய்வு பெற்றவர், எங்களில் பெரிய ரேங்க். அவருக்கு டோக்கன் பதினெட்டு வந்தபோது முதல் டோக்கன்காரன் எழுந்துபோய் மாற்றிக்கொள்கிறேன் சாப் என்றான், அவர் வேண்டாமென்றுவிட்டார், ஆனாலும் மின்விசிறிக்கு நேர்கீழ் நாற்காலி அவருக்கென்று யாரும் சொல்லாமலே காலியாக இருந்தது. அப்படித்தான் நாங்கள். முதல் நாள் வகுப்புக்குள் ஆஃப்ரீன் மேடம் வந்தபோது பத்தொன்பது பேரும் ஒரே சத்தத்தில் எழுந்து விறைத்தோம். மேல்விஷாரத்துப் பெண், இருபத்தெட்டு வயது இருக்கும். கையிலிருந்த லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "சார், சார், தயவுசெஞ்சு உட்காருங்க. நீங்க எந்திரிச்சா எனக்குப் பாடமே மறந்துடுது." மறுநாளும் எழுந்தோம். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் அவர் சிரிக்காமல் சொன்னார்: "சார், உங்ககிட்ட இருக்கற ஒரே ஓட்டை இதுதான். குரல் கேட்டா எந்திரிக்கறீங்க. எந்திரிச்சவங்களால யோசிக்க முடியாது. யார் கேக்கறாங்கன்னு தெரியற வரைக்கும் உட்கார்ந்தே இருங்க." எழுதிக்கொண்டேன். தேதி போட்டு, அடிக்கோடு போட்டு. எங்கேயாவது அடிக்கோடு போட்டால் அது உள்ளே போய்விட்டது என்று ஒரு நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு. பழைய புத்தகக் கடையில் வாங்கிய நெட்வொர்க் புத்தகம் மூன்றில் முக்கால்வாசிக்கு அடிக்கோடு. ஃபாக்டரியில் பதினாறு திரைக்கு நடுவில் நானாகவே படித்தது, யாரும் சொல்லித்தராமல். வகுப்பில் முதல் மார்க் நான்தான், அதனால் என்னைக் கோர்ஸ் சீனியர் ஆக்கினார்கள். பட்டாளத்தில் எந்தக் கோர்ஸுக்குப் போனாலும் ஒருத்தன் சீனியர், எல்லாருடைய சாவியும் அவனிடம் இருக்கும். இங்கே யாரும் வைக்கச் சொல்லவில்லை. நாங்களே வைத்துக்கொண்டோம்.

அந்தச் சாவிதான். பத்தொன்பது பேரும் அவரவர் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் பேப்பர், ஆதார், குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும், தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும் என்றுதான் மேடம் சொன்னார். ஜெபசிங் ஒரு வாரம் முயன்று, டிஸ்சார்ஜ் புத்தகத்துக்குப் பதில் அவன் வீட்டுக் கோழியின் படத்தை ஏற்றினான். கடைசியில் எல்லாரும் என்னிடம் கொண்டுவந்து கொட்டினார்கள், நீ போட்டுடுப்பா சீனியர் என்று. நான் ஒரே ஃபோல்டரில் பத்தொன்பது பேருடையதையும் போட்டேன். ஒரே கடவுச்சொல். இன்றைய நேர்காணல் கடிதத்தையும் அதிலேயேதான் போட்டேன், தேதியோடு, நேரத்தோடு, எல்லாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று. கடவுச்சொல்லுக்கு மேடம் சொன்ன விதியெல்லாம் ஞாபகம் வைத்து, பிறந்த தேதி கூடாது, பிள்ளை பெயர் கூடாது, அகராதியில் இருக்கிற வார்த்தை கூடாது, அப்படியானால் என்ன என்று யோசித்தபோது தானாக வந்து நின்றது என் ரைஃபிளின் பட் நம்பர். கட்டையின் அடியில் பெயிண்டில் எழுதியிருப்பார்கள், ஒவ்வொரு நாளும் ஆயுத அறையில் அந்த நம்பரைச் சொல்லித்தான் துப்பாக்கியை வாங்க வேண்டும். பெண்டாட்டி போன் நம்பர் மறந்தாலும் அது மறக்காது. அதையும் என் கம்பெனி பெயரையும் சேர்த்துப் போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது. ஒரு சிப்பாயின் ரைஃபிள் நம்பரை உலகத்தில் எவன் கண்டுபிடிப்பான்? எவனும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேட்டால் போதும். சரியான குரலில்.

பதினோரு நாளைக்கு முன்னால், மத்தியானம் இரண்டரை மணி. ஊதா வெளிச்சம். போன் கனவுக்குள் மலைமேல் இருந்த எங்கள் பழைய போஸ்ட்டின் டெலிபோன் மாதிரி அடித்தது, கைப்பிடியைச் சுற்றினால் கிர்ரென்று அடிக்குமே அது. எடுத்தேன். இந்தியில் ஒரு குரல், அவசரமே இல்லாத குரல், வெற்றிலை போடுகிறவன் போலத் தொண்டையை ஒரு தரம் செருமியது. ஜெய்ஹிந்த், ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து சூபேதார் மேஜர். நம்பர்? பட்டாள நம்பரைக் கேட்கிற அந்த ஒற்றை வார்த்தைதான். நம்பர் என்று சொல்லிவிட்டு விட்ட இடைவெளி. அந்த இடைவெளியை ஒரு சிவிலியனால் விட முடியாது, அல்லது விடக் கற்றுக்கொண்டிருக்கிறான். நான் பாயில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கைலி அவிழ்ந்து ஒரு கையில், குதிகால் இரண்டும் சேர்ந்து, பெருவிரல் தொடையோடு ஒட்டி, சுவரில் மாட்டியிருந்த பால்காரன் காலண்டரைப் பார்த்து நம்பர், ரேங்க், பெயர் என்று சத்தமாகச் சொன்னேன். உங்கள் உதவித்தொகை சரிபார்ப்பு நடக்கிறது, கர்னல் சாப் மேசையில் ஃபைல் இருக்கிறது, உங்கள் பேட்ச் பேப்பர் எதிலிருக்கிறது, அதைத் திறக்கிற சொல் என்ன. சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொன்னேன், சிக்னல்ஸ்காரன் அல்லவா, ஒரு எழுத்துக்கூடத் தப்பாகப் போய்விடக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய ராணுவச் சொல்லைச் சொல்லி, திருப்பிப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு, சரி சாப் என்றேன். ஷாபாஷ் என்றது குரல். அந்த ஷாபாஷ் இருக்கிறதே. ஒன்பது வருடமாக அதை யாரும் சொல்லவில்லை. வைத்தபிறகும் ஐந்து நிமிஷம் பாயில் நின்றுகொண்டிருந்தேன், நெஞ்சு நிறைந்து. ஐந்து நிமிஷம் நெஞ்சு நிறைந்திருந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, மற்றதை எப்படியாவது மன்னித்துவிடலாம்.

பிறகு தண்ணீர் குடித்தேன், பிறகு புரிந்தது. புரிந்த அடுத்த நொடியில் மனசு ஓடிப்போய் ஒளிந்துகொள்ள ஓர் இடம் கண்டுபிடித்தது: மேடத்தின் சோதனை. இந்த மாதம் எப்போது வேண்டுமானாலும் உங்களை ஏமாற்றிப் பார்ப்பேன், ஏமாறுகிறீர்களா பார்க்கிறேன் என்று அவர்தான் சொல்லியிருந்தார். யாரோ ஓய்வு பெற்ற ஆளைப் பிடித்துப் பேச வைத்திருக்கிறார், நான் தோற்றுவிட்டேன், மார்க் குறையும், குறையட்டும். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். தோற்றவன் தூக்கம், பாரமில்லாத தூக்கம். நான்கு நாள் கழித்து வகுப்பில் மேடம் முடிவைப் படித்தார். ஈமெயிலில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தாராம், பரிசு விழுந்திருக்கிறது என்று. பத்தொன்பதில் பதினாறு பேர் அமுக்கியிருக்கிறார்கள், ஜெபசிங் நான்கு தடவை. அமுக்காத மூன்று பேரில் நான் ஒருவன். "கர்னல் ஜீப்பையே கேட்டுல நிறுத்தினவர், லிங்க்கை அமுக்குவாரா?" என்றார் மேடம். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன், போனில் ஏதாவது செய்தீர்களா மேடம்? "போன்லயா? இல்லையே சார். ஏன், வந்துச்சா?" கை தட்டல் இன்னும் முழுசாக ஓயவில்லை. எவனோ பின்னாலிருந்து விசிலடித்தான். ஏன், வந்துச்சா என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார், நிஜமாகவே கேட்டார், ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. நான் சொன்னேன், சும்மா கேட்டேன் மேடம். எல்லாம் சரி. அன்று சாயங்காலமே கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து ஃபோல்டரின் பதிவைப் பார்த்தேன், யார் எப்போது திறந்தார்கள் என்று அது வைத்திருக்கும், மேடம் சொல்லித்தந்த பாடம்தான். போன் வந்த அன்றைக்கு இரண்டு நாற்பத்தொன்றுக்கு எவனோ திறந்திருக்கிறான். பத்தொன்பது பேருடையதும் இறங்கியிருக்கிறது. ஒன்று விடாமல். கடவுச்சொல்லை மாற்றினேன். வெள்ளம் போன பிறகு அணை கட்டுகிறவன் எவ்வளவு ஒழுங்காகக் கட்டுவான் என்று நினைக்கிறீர்கள், அவ்வளவு ஒழுங்காக, பதினாறு எழுத்தில். அதற்கப்புறம் ஏழு நாளாக ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன், யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் இதற்குள் தெரிந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை. ஆகாமலே போகலாம். திருடனுக்குக் காய்ச்சல் வரலாம், போலீஸ் பிடிக்கலாம், கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம். இப்படித்தான் ஒரு மனுஷன் தன் வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்துவிட்டுத் திருடன் நன்றாக இருக்க வேண்டாமென்று வேண்டிக்கொண்டிருக்கிறான். பெட்டியில் அவனுடையது மட்டும் இருந்தால் பரவாயில்லை.

"பத்து!" எப்போது எட்டு போனது, எப்போது ஒன்பது போனது? கொஞ்சம் தூங்கிவிட்டேன் போல. கழுத்தில் வியர்வை. கர்னல் ஜீப். அதை எழுதித்தானே இந்த உதவித்தொகை கிடைத்தது. விண்ணப்பத்தில் உங்கள் பணிக்காலத்தில் மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்றை எழுதுக என்று இருந்தது. இருபத்துமூன்று வயதில், பஞ்சாப் பக்கம் ஒரு முகாம், பனி மூட்டமான விடியற்காலை, கேட்டில் காவல். ஜீப் வருகிறது, உள்ளே கமாண்டிங் ஆபீசர், அன்றைய அடையாளச் சொல் அவருக்கு ஞாபகம் இல்லை. காவலாளி விடவில்லை. கர்னல் கத்துகிறார், காவலாளி துப்பாக்கியை இறக்கவில்லை, இருபது நிமிஷம் பனியில் நிற்க வைத்து, உள்ளேயிருந்து அதிகாரி வந்து சொன்ன பிறகே திறக்கிறான். மறுநாள் அணிவகுப்பில் எல்லார் முன்பும் கர்னல் அவன் தோளைத் தட்டுகிறார். எழுதினேன், சேர்க்கை நேர்காணலில் சொன்னேன், மேடம் நோட்டில் குறித்துக்கொண்டார். இருபத்தைந்து வருடமாக எல்லாரிடமும் சொல்கிறேன், அமுலுவிடம் கல்யாணமான புதிதில் சொன்னேன், மகள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசுகூட வாங்கினாள். கேட்டில் நின்றது ஷிண்டே. நாயக் ஷிண்டே, சாத்தாராக்காரன், பல்லில் எப்போதும் புகையிலை. நான் நின்றது அதற்கு முதல் நாள். அதே பனி, அதே ஜீப். ஜீப்புக்குள்ளிருந்து, திற என்று ஒரு குரல். நான் திறந்தேன். யார் என்றுகூடப் பார்க்கவில்லை, கண்ணாடியெல்லாம் பனி, எவனாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். கர்னல்தான், அதிர்ஷ்டம், அதனால் யாருக்கும் தெரியவில்லை. அதிர்ஷ்டம் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஷிண்டேவின் தோளைத் தட்டியபோது நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். எப்போது அந்தத் தோள் என்னுடையதாயிற்று என்று எனக்கே தெரியாது, முதல் தடவை சொன்னபோதா, மூன்றாவது தடவை சொன்னபோதா. இப்போதுகூடக் கண்ணை மூடினால் என் தோளில்தான் அந்தக் கை விழுகிறது, கனமாக. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, உடம்பு சாட்சி சொல்கிறது. இந்த உடம்பை எதற்கும் நம்ப முடியாது. யார் என்ன சொன்னாலும் நிமிர்ந்து நின்று சாட்சி சொல்லும்.

டீ வந்தது. ஜெபசிங் இரண்டு வடையும் டீயும் வாங்கி, ஒரு வடையை என் பாரத்தின்மேல் வைக்கப் பார்த்தான். "லே, எண்ணெய் பட்ரும், எடு," என்றேன், அவன் பேச்சே எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. "தின்னு முனி. உள்ளப் போனா ஒனக்கு ஒண்ணும் கேக்க மாட்டாவ. கர்னலத் தடுத்த ஆளுன்னு மேடம் சொல்லி வச்சிருப்பா. என்னியத்தான் கோழிய ஏன்டா ஏத்தினன்னு கேப்பாவ." பதின்மூன்றாம் நம்பர் உள்ளே போயிருந்தான். அடுத்தது நான். பேனா மூடியைத் திறந்தேன். நீல மை. கறுப்பு மையில் நிரப்பவும் என்று மேலே போட்டிருக்கிறது, அதை இப்போதுதான் பார்க்கிறேன். கறுப்போ நீலமோ இல்லை என்றால் இல்லைதான். ஒரு சின்னக் கோடு கீழே, ஒரு பெரிய கோடு மேலே. பேனா முனை அந்தச் சதுரத்துக்கு ஒரு நூல் உயரத்தில் இருந்தது. அப்போதுதான் ஜெபசிங்கின் போன் அடித்தது. வாயில் வடையோடு ஸ்பீக்கரைத் தட்டினான். முதலில் ஒரு செருமல். வெற்றிலைத் தொண்டை. என் முதுகுத்தண்டு அந்தச் செருமலை எனக்கு முன்னால் அடையாளம் கண்டது. ஜெய்ஹிந்த், ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து சூபேதார் மேஜர். நம்பர்? பிறகு அந்த இடைவெளி. ஜெபசிங் எழுந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னை நானே பார்த்ததேயில்லை அதுவரைக்கும். ஐம்பது வயது ஆள், தொப்பை, சட்டையில் வடைத் துணுக்கு, டீ கிளாஸ் நாற்காலி விளிம்பிலிருந்து சரிந்து தரையெல்லாம் ஓடுகிறது, அவன் ஷூ அந்த டீயிலேயே குதிகாலோடு குதிகால் அடிக்கிறது. கண் எதிர்ச் சுவரில். முகத்தில் ஒரு வெளிச்சம், பிள்ளைத்தனமான வெளிச்சம், கூப்பிட்டார்களே என்று. இப்படித்தான் நின்றேனா? கைலியைப் பிடித்துக்கொண்டு இந்த முகத்தோடா? அவன் நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் முழங்கினான். குரல் அவனுடைய பென்ஷன் பேப்பர் எண்ணை அதுவே சொன்னது. அவன் மகள் பெயரைச் சொன்னது, ஜெனிலின். இன்று உங்களுக்கு நேர்காணல், அதற்குள் உங்கள் பென்ஷன் கணக்கைச் சரிபார்த்தாக வேண்டும், இப்போது போனில் ஆறு இலக்கம் வரும், படியுங்கள் என்றது. எல்லாம் என் ஃபோல்டர். ஒவ்வொரு தாளும் நான் நேராக வைத்து, விளிம்பு மடங்காமல் ஸ்கேன் செய்தது. போன் டிங் என்றது. ஜெபசிங் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நாலு," என்றான். "ரெண்டு," என்றான்.

போனைப் பிடுங்கிக் கட் செய்தேன். பிடுங்கின வேகத்தில் அவன் விரல் நகம் என் மணிக்கட்டைக் கிழித்தது. "பைத்தியமாலே ஒனக்கு? சூபேதார் மேஜர் லைன்ல நிக்காரு!" என்று கத்தினான். நடைபாதை முழுக்கத் திரும்பியது. அது ரெக்கார்ட் ஆபீஸ் இல்ல என்றேன். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?" தெரியும். "அதான் கேக்கேன், எப்பிடித் தெரியும்?" எதிரில் தெய்வசிகாமணி சாப் மெதுவாகச் சொன்னார்: "காலைல பஸ்ல எனக்கும் வந்துச்சுப்பா இது மாதிரி. சத்தத்துல சரியா கேக்கல சாப், பதினோரு மணிக்குப் பேசுங்கன்னுட்டேன்." அவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மணி பத்து ஐம்பது. பத்தொன்பது பேர். சத்தம் கேட்டு ஆஃப்ரீன் மேடம் பக்கத்து அறையிலிருந்து கையில் ஃபைலோடு வந்தார். ஜெபசிங் அவரிடம், "மேடம், இவன் பாருங்க," என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து, நிறுத்திக்கொண்டான். போன் என் கையிலேயே மறுபடி அடித்தது. அதே நம்பர். கையில் ஒரு பூச்சி மாதிரி அதிர்ந்தது. யாரும் எடுக்கவில்லை. "எங்கிட்டயும் பேசினான்," என்றேன். "நான் சொல்லிட்டேன்." சொன்ன பிறகு நாற்காலி இவ்வளவு கடினமாக இருந்ததா என்று நினைத்தேன். மேடம் ஜெபசிங்கைப் பார்த்து, "எத்தனை நம்பர் சொன்னீங்க சார்?" என்றார். ரெண்டு என்றான். "உடனே பேங்க்குக்குப் போன் போடுங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பர். எல்லா சாரும் போனை எடுங்க. இந்த நம்பர் வந்தா யாரும் எடுக்கக் கூடாது. இன்னிக்கு வராதவங்க யாரும் உண்டா?" என்னிடம் வந்து எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், கீழே ஓடின டீயில் செருப்பு நனைவதைப் பார்க்காமல். எழுத அவரிடம் தாள் இல்லை. என் மடியிலிருந்த பாரத்தை எடுத்துத் திருப்பி, பின்பக்க வெள்ளையில் பேனாவை வைத்தார்.

"பதினாலு!" என்றார் வாசலில் இருந்தவர். மடித்த முழங்கால்கள் அந்தக் குரலைக் கேட்டன. நாற்காலிக்கடியில் குதிகால்கள் ஒன்றையொன்று தேடுவது எனக்குத் தெரிந்தது. தொடைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். உள்ளேயிருக்கிற மூன்று பேர், கை குலுக்கல், இருட்டானால் படுக்கை, அமுலு அடுப்பைப் பார்த்துச் சொன்ன வார்த்தை, எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் பத்தடியில் இருந்தது. இருங்க என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. ஷிண்டேவைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது அப்புறம். "எப்ப சார்?" என்றார் மேடம். "பதினோரு நாள் ஆச்சு மேடம். மத்தியானம் ரெண்டரை. நான் தூங்கிட்டிருந்தேன்." எழுதினார். "பதினாலு யாருங்க, பதினாலு!" தெய்வசிகாமணி சாப் எழுந்து வாசல் பக்கம் போய், "ஏம்ப்பா, அந்தாளு வேலையா இருக்காரு, தெரியல?" என்றார். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது நான் ரைஃபிள் நம்பர் வரைக்கும்தான் வந்திருந்தேன்.